மீதி ஐம்பத்தோரு வாரங்கள்

நவம்பர் 18 முதல் 24 வரை கிருமிகளுக்குக் கெட்ட நேரம். மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி உலகம் முழுவதும் விழிப்புணர்வு ஊட்டுவதற்கென்று குறித்த வாரம் அது. அந்த ஏழு நாளும் நாம் சும்மா இருப்பதில்லை. கல்லூரி வாசலில் பேரணி, பள்ளியில் ஓவியப் போட்டி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ரங்கோலி. ரங்கோலியின் நடுவில் ஒரு மாத்திரை, அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. எல்லோரும் வலது கையை முன்னே நீட்டி, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கிறோம். உறுதிமொழி முடிந்ததும் மதியச் சாப்பாடு. பெரும்பாலும் சிக்கன் பிரியாணி.

இருபத்தைந்தாம் தேதி காலை பேனரை அவிழ்த்துவிடுவார்கள். பாக்டீரியாவுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. நல்ல சூழல் அமைந்தால் ஈ.கோலைக் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். நாம் தலைமையுரையை முடித்து நன்றியுரைக்கு வருவதற்குள் அது பல தலைமுறை கண்டுவிடும்.

எனவே என் யோசனை இது. ஒரு வாரம் விழிப்புணர்வுக்கென்று இருந்துவிட்டுப் போகட்டும். மீதி ஐம்பத்தோரு வாரமும் கிருமிகளுக்காக ஓயாமல் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை. அவர்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தால் என்ன? பொன்னாடைக்கு இந்த நாட்டில் பஞ்சமா? பட்டியலை நானே தயாரித்துவிட்டேன்.

முதல் பொன்னாடை: சக்கையைக் காசாக்கியவர்களுக்கு

1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கிய கையோடு அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட்டு வந்தார். பென்சிலினை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரும். விவரம் தெரியாதவன் அரைகுறை அளவில் போட்டுக்கொள்வான். அந்த அளவில் கிருமி சாகாது, மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும் என்றார். ஒரு கதையும் சொன்னார். தொண்டை வலி வந்த கணவன் போதாத அளவில் பென்சிலின் எடுக்கிறான். அவன் உடம்பில் பாடம் கற்ற கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு மருந்து வேலை செய்யவில்லை. அவள் செத்துப்போகிறாள்.

அடுத்த சில ஆண்டுகளிலேயே ஃபிளெமிங்குக்குப் பதில் கிடைத்தது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆரியோமைசின் என்ற மருந்து பிறந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948 ஆகஸ்டில் அவர் காலமானார். அதற்கப்புறம் அங்கே நடந்ததை அந்த நல்ல மனிதர் கணக்கில் எழுதக் கூடாது. தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், பி12 வைட்டமின் கிடைக்குமா என்று பார்க்க, மருந்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். குஞ்சுகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. வைட்டமினுக்கும் மேலாக வேலை செய்தது, சக்கையில் ஒட்டியிருந்த துளி மருந்து. 1950இல் இந்த நற்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

எந்த அளவு கூடாது என்று ஃபிளெமிங் சொன்னாரோ, அளந்து எடுத்ததுபோல அதே அளவு. கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும். அதையும் நோயாளிக்கா கொடுத்தார்கள்? ஒரு நோயும் இல்லாத கோடானுகோடிக் குஞ்சுகளுக்குத் தினந்தோறும் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். ஃபிளெமிங்கின் கதையில் கணவன் அறியாமல் செய்தான். இவர்கள் தராசில் எடை பார்த்துக்கொண்டே செய்தார்கள். பொன்னாடையைச் சரிகை போட்டதாகவே வாங்கிவிடலாம்.

இரண்டாம் பொன்னாடை: இன்னும் ஆய்வு தேவை என்றவர்களுக்கு

1970களின் நடுவில் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் மாசசூசெட்ஸில் ஒரு பண்ணைக் குடும்பத்தைப் பிடித்தார். முன்னூறு குஞ்சுகள். பாதிக்கு டெட்ராசைக்கிளின் கலந்த தீவனம், பாதிக்கு வெறும் தீவனம். ஒரே வாரத்தில், மருந்து தின்ற குஞ்சுகளின் குடல் கிருமிகளில் பெரும்பாலானவை டெட்ராசைக்கிளினுக்கு மசிய மறுத்தன. சில மாதங்களில், தின்னாத மற்ற மருந்துகளுக்கும் மசிய மறுத்தன. கடைசியில் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அதே வகைக் கிருமிகள் குடியேறின. அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. கோழியோடு வாழ்ந்தார்கள், அவ்வளவுதான். இதில் உச்சம் என்னவென்றால், ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே கால்நடை மருந்துத் தொழிலின் சங்கம்தான். மருந்தில் ஆபத்தில்லை என்று எழுதி வாங்கலாம் என்று நம்பிப் போனார்கள். முடிவோ நேர்மாறாக வந்தது.

பிரிட்டனில் ஸ்வான் குழு 1969இலேயே, மனிதருக்கு வேண்டிய மருந்தை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1977இல் தடுக்கப் பார்த்தது. அங்குள்ள நாடாளுமன்றம் இன்னும் ஆய்வு வேண்டும் என்று இழுத்துப் பிடித்தது. ஸ்வீடன் 1986இல் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுமையாக நிறுத்தியது. மனிதருக்கு முக்கியமான மருந்தை எடை கூட்டுவதற்குக் கொடுப்பது அமெரிக்காவில் முடிவுக்கு வந்தது 2017இல். 1950இலிருந்து எண்ணினால் அறுபத்தேழு ஆண்டு ஆய்வு. கிருமிகளுக்கு இதைவிட நீண்ட காலத் திட்டத்தை யாரும் வகுத்துக் கொடுத்ததில்லை.

மூன்றாம் பொன்னாடை: வரிசையில் கோழியை முன்னே விட்டவர்களுக்கு

இனி நம் ஊர்க்காரர்கள். கொலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது என்று 1970களில் மருத்துவர்கள் ஓரமாக எடுத்து வைத்தார்கள். பிறகு, உயர்வகை மருந்தான கார்பபீனம் தோற்றுப்போகும் கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருகின. வேறு வழியில்லாமல் பழைய கொலிஸ்டினையே தூசி தட்டி எடுத்தார்கள். அதுவும் கைவிட்டால் அடுத்தது உறவினரை அழைத்துப் பேசுவதுதான்.

2019க்கு முந்தைய இரண்டு பயனாளிகளைப் பாருங்கள். ஒருவர் வென்டிலேட்டரில் கிடக்கிறார். கொலிஸ்டின் போடலாமா என்று மூன்று மருத்துவர்கள் கூடி யோசிக்கிறார்கள். தினமும் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். வீட்டாரைக் கூப்பிட்டு, கிட்னி போனாலும் போகலாம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இன்னொன்று பத்தொன்பது நாள் கறிக்கோழி. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. அதே மருந்து தீவன மூட்டையோடு வந்து இறங்குகிறது. காரணம்: எடை நூறு கிராம் கூடினால் நல்லதுதானே!

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் உலகைத் தூக்கிவாரிப் போட்டார்கள். கொலிஸ்டினைத் தோற்கடிக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு, பன்றியிலும் கறியிலும் ஆஸ்பத்திரி நோயாளிகளிலும் இருப்பதைக் கண்டார்கள். சோதித்த பன்றிகளில் ஐந்தில் ஒன்றிடம் இருந்தது. அதுவும் ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய வடிவில். வாங்கிக்கொள்ளும் கிருமி அதே சாதியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; அந்த விஷயத்தில் அவை நம்மைவிட முன்னேறியவை. சீனா 2017இல் வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் கொடுப்பதை நிறுத்தியது. நாம்? 2018இல் லண்டன் பத்திரிகையாளர்களின் புலனாய்வு அமைப்பு ஒன்று, பண்ணைகளில் போடுவதற்காக நூற்றுக்கணக்கான டன் கொலிஸ்டின் இந்தியாவில் வந்து இறங்கியதை அம்பலப்படுத்தியது. 2019 ஜூலையில்தான் கோழி, மீன், கறிவிலங்கு எதற்கும் கொலிஸ்டின் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அரசிதழில் அறிவித்தது. மரபணு ஊர்வலம் போன பிறகு கதவைச் சாத்தியதற்கும் ஒரு பாராட்டு உண்டு. அதற்குப் பிறகும் சாத்தாமல் இருக்கும் ஜன்னல்களுக்குத் தனியாக ஒரு பொன்னாடை.

நான்காம் பொன்னாடை: மானம் காத்தவர்களுக்கு

2010இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. கார்பபீனத்தைச் செல்லாக்காசாக்கும் ஒரு மரபணு இந்தியாவில் பரவியிருக்கிறது என்றது. ஆய்வாளர் பட்டியலில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவருடையது. சென்னையில் எடுத்த மாதிரிகளில் மட்டும் நாற்பத்து நான்கில் அந்த மரபணு இருந்தது. நாடு கொதித்தெழுந்தது. ஏன்? கிருமியைக் கண்டா? அந்த மரபணுவின் பெயரில் நம் தலைநகரம் ஒட்டிக்கொண்டிருந்தது. நியூ டெல்லி என்று எப்படிப் பெயர் வைக்கலாம்? மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க அந்நியர் செய்த சதி என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டு, டெல்லியில் பிடித்த ஐம்பது குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் அதே மரபணு இருக்கிறது என்று இன்னோர் ஆய்வு சொன்னது. அதற்கும் கோபம். குழாய் மேல் அல்ல, ஆய்வின் மேல்.

2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, பழியை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம் என்று சென்னைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டன. அதை எழுதியவர்களுக்குப் பொன்னாடை கிடையாது. இது கிருமிகளுக்கு உழைத்தவர்களின் விழா.

ஐந்தாம் பொன்னாடை: விதி எழுதிய கைகளுக்கு

இந்தியாவில் விதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோழித் தீவனத்தில் இத்தகைய மருந்துகளைக் கைவிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007இலேயே எழுதிவிட்டது. ஆனால் கட்டாயம் இல்லை, விருப்பமிருந்தால். விருப்பமிருந்தால் வரி கட்டுங்கள் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தால் தெரியும், விருப்பத்தின் லட்சணம்.

2012இல் இன்னொரு விதி வந்தது. மருந்து கொடுத்து நிறுத்தியபின் எத்தனை நாள் கழித்து அந்த விலங்கின் கறி, பால், முட்டையை விற்கலாம் என்று லேபிளில் போட வேண்டும். அந்த மருந்துக்கென்று தனிக்காலம் சோதித்து உறுதி செய்யப்படவில்லை என்றால், முட்டைக்கும் பாலுக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். கணக்குப் போடுங்கள். கறிக்கோழியின் மொத்த ஆயுளே ஏறத்தாழ நாற்பது நாள். இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டுமென்றால், முதல் பன்னிரண்டு நாளுக்குப் பின் அதற்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுக்கக் கூடாது. முட்டையிடும் கோழிக்கோ தினம் ஒரு முட்டை. ஏழு நாள் முட்டையை என்ன செய்வார்கள்? ஐம்பதாயிரம் கோழி வைத்திருப்பவர் ஒரு வார முட்டையைக் குழி தோண்டிப் புதைத்ததாக நாமக்கல் பக்கம் யாராவது கேள்விப்பட்டிருந்தால் எனக்கும் சொல்லுங்கள்; அவருக்குச் சிலையே வைக்கலாம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கறி, முட்டை, பாலில் மருந்து எச்சத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2024இல் தடைப் பட்டியலை நீட்டியது. அது 2025 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தேதி தற்செயலாக அமைந்ததுதான். மருந்துக்கு மசியாத கிருமிகளை அடக்க ஒரு தேசியச் செயல்திட்டமும் உண்டு. 2017 முதல் 2021 வரை. அடுத்தது வெளியானது 2025 நவம்பரில். இடைப்பட்ட ஆண்டுகளில் கிருமிகள் விடுப்பு எடுத்திருக்கும் என்று நம்புவோமாக.

விதிப்புத்தகம் தடிமனாகத்தான் இருக்கிறது. உங்கள் தெருக் கோழிக்கடைக்கு மாதிரி எடுக்க ஓர் அதிகாரி வந்து கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற தன்னார்வ அமைப்பு, டெல்லி வட்டாரத்தில் எழுபது கோழி மாதிரிகளை வாங்கித் தன் ஆய்வகத்தில் பார்த்தது. நாற்பது விழுக்காட்டில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கடைக்குப் போய்க் கோழி வாங்கிச் சோதிப்பது இவ்வளவு எளிய வேலை.

ஆறாம் பொன்னாடை: பழியைக் கைமாற்றியவர்களுக்கு

பண்ணைக்காரரைக் கேளுங்கள். பல்லடம் பக்கத்தில் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்ப்பவர் என்ன சொல்வார்? "குஞ்சு கம்பெனி கொடுக்குதுங்க, தீவனம் கம்பெனி கொடுக்குது, மருந்தும் அவங்கதான். நமக்குக் கொட்டகையும் கரண்ட் பில்லும். கிலோவுக்கு இத்தனைன்னு வளர்ப்புக் கூலி. மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு நாம எங்க போயி கேக்குறது?" அவர் சொல்வது பொய்யில்லை. உற்பத்திச் செலவு கூடினால் அவர் கூலியில் பிடிப்பார்கள். குஞ்சு செத்தால் அவர் தலையில் விழும். பயத்தில் அவரே தண்ணீர்த் தொட்டியில் நாலு ஸ்பூன் கூடுதலாகக் கொட்டினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கம்பெனியைக் கேட்டால், ஆஸ்பத்திரிகளின் அலட்சியம் என்கிறது. ஆஸ்பத்திரியைக் கேட்டால், சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்கும் நோயாளி என்கிறது. நோயாளி மருந்துக்கடையைக் காட்டுகிறார். மருந்துக்கடைக்காரர் மருந்து ஆலைகளின் கழிவைக் காட்டுகிறார். ஒவ்வொருவரும் காட்டும் விரல் சரியான திசையில்தான் இருக்கிறது என்பதுதான் கொடுமை. ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, ஆலைக் கழிவு எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. சாவுகளில் கோழிப்பண்ணையின் பங்கு இத்தனை விழுக்காடு என்று யாரும் பிரித்துக் காட்டிவிடவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டி, அதன் கீழே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது ஒரு தொழில். பங்கு தெரியாததற்குக் காரணம், எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து எத்தனை கிலோ போகிறது என்ற கணக்கை யாரும் வெளியிடாததுதான். கணக்கைக் காட்டாதவனே கணக்கு எங்கே என்று கேட்கும் நாடு இது.

நன்றாக வேகவைத்துவிட்டால் கிருமி செத்துவிடுமே என்பார்கள். சட்டியில் போட்டது சாகும். கறி வெட்டிய கட்டையில், கழுவிய தண்ணீரில், வெட்டியவர் கையில் இருப்பதை எந்த அடுப்பில் வைப்பது? நான் சுத்த சைவம், எனக்கென்ன என்பவருக்கும் ஒரு செய்தி. பண்ணையில் கூட்டி அள்ளும் கோழி எரு லாரி லாரியாகத் தோட்டங்களுக்குப் போகிறது. கோழி தின்ற மருந்தில் ஒரு பகுதியும், அந்த மருந்தை வென்ற கிருமிகளும் அந்த எருவில்தான் இருக்கின்றன. அங்கே விளைந்த கொத்தமல்லியைத்தான் ரசத்தில் பச்சையாகக் கிள்ளிப் போடுகிறீர்கள்.

ஏழாம் பொன்னாடை: இரண்டு வயிறு கண்டுபிடித்தவர்களுக்கு

இது விழாவின் உச்சகட்ட விருது. இதற்கு ஆளுயர மாலையும் உண்டு.

இந்தியாவில் பண்ணை இறால் வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். அங்கே எச்சம் கண்டுபிடித்துச் சரக்கைத் திருப்பினார்கள். 2016இல், நம் பண்ணை இறால் சரக்குகளில் பத்து விழுக்காட்டைச் சோதித்துவந்த ஐரோப்பிய ஒன்றியம், அதை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியது. நமக்குச் சுருக்கென்றது. குளத்தில் அறுவடைக்கு முன்பே மாதிரி எடுக்கிறோம். ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். சான்றிதழ் கொடுக்கிறோம். எச்சக் கண்காணிப்புத் திட்டம் என்று ஆண்டுதோறும் வகுத்து, எத்தனை மாதிரி, எந்தெந்த மருந்து என்று பட்டியல் போடுகிறோம். ஏற்றுமதிக்குப் போகும் முட்டைப் பொருளுக்கும் பாலுக்கும் தேனுக்கும் இதே மரியாதை உண்டு. பரிசோதனைக் கருவி இருக்கிறது, படித்த வேதியியலாளர் இருக்கிறார், கோப்பு நகர்கிறது, குற்றம் கண்டால் நடவடிக்கையும் பாய்கிறது.

ஆக, முடியாது என்பதெல்லாம் பொய். இந்த அரசாங்கத்துக்குத் தெரியும், இந்த அதிகாரிகளால் முடியும், இந்த ஆய்வகங்களில் நடக்கும். வாங்குபவன் பிரஸ்ஸல்ஸில் இருந்தால் நடக்கும். வாங்குபவர் பரமத்தி வேலூரிலோ பெரம்பூரிலோ இருந்தால், வட்டாரத்துக்கு ஓர் அதிகாரி, அவர் கையில் ஆயிரம் கடை, ஜீப்புக்கு டீசல் இல்லை. ஐரோப்பியனின் வயிற்றுக்குச் சட்டம். நம் வயிற்றுக்கு ஆலோசனை. அந்நியன் திருப்பி அனுப்பினால் தேசிய அவமானம். நம் வீட்டுப் பிள்ளை அதையே தின்றால் புரதச்சத்து. இந்தப் பாகுபாட்டை நம்மீது சுமத்தியது எந்த வெள்ளைக்காரனும் இல்லை. நம் அரசுகள் தாங்களே உட்கார்ந்து வரைந்த கோடு இது.

உலக அளவிலும் இதற்கு நல்ல துணை கிடைத்தது. 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதற்கென்றே கூடியது. வேளாண்மையில் இத்தகைய மருந்துகளை 2030க்குள் குறைந்தது முப்பது விழுக்காடு குறைக்க வேண்டும் என்று வரைவில் இருந்தது. இறுதி ஆவணத்தில் எண் காணாமல் போய், பொருள் பொதிந்த வகையில் குறைக்க முயல்வோம் என்று ஆனது. எண் இருந்தால் அளக்கலாம், அளந்தால் தோற்றது தெரியும். முயல்வோம் என்பதில் இன்றுவரை எந்த நாடும் தோற்றதில்லை.

எட்டாம் பொன்னாடை: நமக்கே

மேடையில் இடம் மிச்சமிருக்கிறது, வாருங்கள். கோழி விலை கிலோவுக்கு இருபது ரூபாய் ஏறினால் நாம் போடும் கூச்சலில் கால் பங்குகூட, கோழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில் போட்டதில்லை. காசு உள்ளவர்கள் ஆன்டிபயாடிக் இல்லாதது என்று லேபிள் ஒட்டியதை இரண்டு மடங்கு விலையில் வாங்கிக்கொண்டு, பிரச்சினை தீர்ந்ததாக நினைக்கிறோம். அந்த லேபிள் இன்னொரு செய்தியும் சொல்கிறது: மற்றதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டும் பில் போடச் சொல்கிறோம். காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் போய், "அண்ணே, போன தடவை கொடுத்தீங்களே, அதே ரெண்டு மாத்திரை" என்கிறோம். ஃபிளெமிங் சொன்ன கணவன் நம் தெருவில்தான் வாடகைக்கு இருக்கிறான்.

பொன்னாடைகள் தீர்ந்தன. இனிச் சிரிக்க ஒன்றுமில்லை.

மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019இல் உலகில் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. அத்தகைய தொற்று இருந்த நிலையில் இறந்தவர்களையும் சேர்த்தால் 49.5 லட்சம். இந்தியாவில் மருந்து கேட்காத ரத்தத் தொற்றால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பச்சிளங்குழந்தைகள் இறப்பதாக ஒரு கணக்கீடு பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தை. அது கடைக்குப் போய்ச் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கவில்லை. அரைகுறையாக மருந்தை நிறுத்தவில்லை. கோழி தின்னவில்லை. அதன் முதல் காய்ச்சலுக்கே முதல் மருந்தும் கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை, மூன்றாவதும் கேட்கவில்லை. இந்தச் சாவுக்கு யார் பங்கு எத்தனை விழுக்காடு என்று பேரம் பேசுகிறவர்களின் முகத்தில் காறித் துப்பலாம். அதற்கும் விழிப்புணர்வு வாரத்தில் அனுமதி கிடைக்காது.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. நார்வே 1980களின் கடைசியிலிருந்து சால்மன் மீனுக்குத் தடுப்பூசி போட்டது. ஆன்டிபயாடிக் பயன்பாடு 99 விழுக்காடு குறைந்தது, மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையை நம் தேசியப் பால்வள வாரியமே ஊர் ஊராகப் பரப்புகிறது. தடுப்பூசி, காற்றோட்டம், கொஞ்சம் கூடுதல் இடம், சுத்தமான தண்ணீர். இவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் மூட்டையில் மருந்து வந்தது.

கேட்க வேண்டியவை ஐந்து. நோயில்லாத விலங்குக்குத் தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கொடுப்பதை, எந்த மருந்தானாலும், முழுவதுமாகத் தடை செய்ய வேண்டும். நோய் வந்த விலங்குக்குக் கால்நடை மருத்துவரின் சீட்டோடு மட்டுமே கொடுக்க வேண்டும். எந்தக் கம்பெனி ஆண்டுக்கு எத்தனை கிலோ வாங்கியது என்ற கணக்கு பொதுவெளிக்கு வர வேண்டும். எச்சம் கண்டால் வழக்கு, மூட்டையை அனுப்பிய கம்பெனி மேல் பாய வேண்டும். கூலிக்கு வளர்ப்பவர் மேல் அல்ல. கடைசியாக, ஏற்றுமதி இறாலுக்குச் செய்யும் அதே சோதனையை நம் ஊர்ச் சந்தைக்கு வரும் கறி, முட்டை, பால், மீனுக்கும் செய்து, முடிவுகளை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

முதல் நான்குக்கும் சாக்குச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பிருக்கிறது. ஐந்தாவதற்கு இல்லை. அதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள், வேறொருவனுக்காக. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஐயா, எங்கள் வயிறு எப்போது ஏற்றுமதித் தரத்துக்கு வரும்?